மாதாவுடன் 155 பஸ்ஸில்

ஒக்டோபர் செபமாலை மாதம். ஊரில் எங்கள் பங்கில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும், வீட்டுக்கு ஒரு கிழமை. சண்டையால் கொழும்புக்கு வந்த பிறகும் எங்கள் பங்குக் குடும்பங்கள் அதை விடவில்லை. அங்கே அடுத்த வீடு வேலிக்கு அப்பால். இங்கே கொட்டாஞ்சேனையிலிருந்து நாங்கள் இருக்கும் வெள்ளவத்தை. உங்களுக்கும் முறை வரலாம் என்பதால், இன்று நாங்கள் போய்வந்ததை எழுதுகிறேன். எழுதுவது வீட்டில் தெரியாது. எல்லோரும் படுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நானும் அண்ணாவும் இரண்டு மணிக்கு 155 பஸ்ஸில் ஏறினோம். ஒன்றரை மணித்தியாலம். பஸ் மெதுவானபோதெல்லாம் ஆமிச் செக்கிங்கா என்று எட்டிப் பார்த்தேன். அண்ணாவுக்கு இருபத்தொரு வயது, அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. ஆனால் அவர் வழி முழுக்கக் கிரிக்கெட் கதைத்துக்கொண்டு வந்தார்.

கொட்டாஞ்சேனையில் ரீட்டா அன்ரி வீட்டில் செபம், தேநீர், ரோல்ஸ். மாதாவைத் தூக்குகிறவர் அடுத்த வீட்டில் இறக்கி வைக்கும்வரை கதைக்கக் கூடாது, மனதுக்குள் செபமாலை சொல்ல வேண்டும். அது எங்கள் பங்கின் வழக்கம். அண்ணா தூக்கியதும் அன்ரி சிரித்தார்.

"இவன்ர வாய மூட மாதாதான் வர வேணும்."

போன வருசம் பஸ் நெரிசலில் சுரூபத்தின் விரல் உடைந்ததாம். அதனால் அன்ரி பெரிய துவாயால் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தார். அதுதான் பிழை.

திரும்பி வரும்போது, மருதானை தாண்டியதும் ஆமி பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரர் பொதியைக் காட்டி என்னவென்று கேட்டார். அண்ணாவின் உதடு மட்டும் அசைந்தது. மாதா என்று நான் சிங்களத்தில் சொல்லித் துவாயை இழுத்தேன். நீல அங்கி தெரிந்ததும் அவர் ஒரு அடி பின்னால் போனார். பிறகு அண்ணாவிடம் பெயர் கேட்டார். பதில் இல்லை. ஊமையா என்று என்னிடம் கேட்டார். வழக்கத்தை நான் விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. அண்ணாவின் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து வந்து கொழும்பில் தங்குகிறவர்களுக்குப் பொலிஸ் கொடுக்கும் பதிவுத் துண்டு எங்கே என்றார். அது வீட்டில் இருந்தது.

அண்ணாவை ஏற்றிப் போக ஜீப் வந்தது. அண்ணா மாதாவை என் கையில் வைத்தார். கை வெறுமையானதும்தான் வாய் திறந்தார்.

"விரல் கவனம். இனி நீ கதைக்காத, என்ன."

கண்டக்டர் என்னைத் தன் சீற்றில் இருத்தினார். நான் அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கித் தொடங்கிப் பாதியில் விட்டேன்.

அம்மா மெழுகுதிரியோடு வாசலில் நின்றார். என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"அண்ணா எங்க?"

நான் நிற்கவில்லை. அப்பாவும் கேட்டார். மேசையின் வெள்ளைத் துணியில் மாதாவை வைத்து, நேராக்கி, கையை எடுத்தேன். அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

நீங்கள் போவதென்றால் சுரூபத்தைச் சுற்றாதீர்கள், முகம் தெரியட்டும். இளம் பெடியன்களிடம் கொடுக்காதீர்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வரட்டும். செபத்துக்குத்தானே என்று பதிவுத் துண்டை விட்டுப் போகாதீர்கள்.

அப்பா துண்டைக் கொண்டு பொலிசுக்குப் போனார். காலையில் வரச் சொன்னார்களாம். வரும் ஞாயிறு மாதா நுகேகொடைக்குப் போக வேண்டும். அந்த வீட்டு அன்ரி போனில் நேரம் கேட்டார். அம்மா சத்தம் போடாமல் சொன்னார்:

"மகன் வந்து தூக்கினாத்தான் மாதா இந்த வீட்ட விட்டு வெளிக்கிடுவா."