சயம் இல்லை

என் அம்மாவுக்குச் சயரோகம் என்றே எல்லோரும் கடைசிவரை நம்பியிருந்தால் அவள் இன்னும் சில வருடங்கள் உயிரோடு இருந்திருப்பாள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அப்பா பனையேறி. பனங்காலம் தொடங்கிவிட்டால் காலையில் அவர் இறக்குகிற பதநீரை உடனே காய்ச்சிக் கருப்பட்டியாக்க வேண்டும். அது அம்மாவின் வேலை. காய்ச்சுகிற குடிசைக்கு விடிலி என்று பெயர். ஓலைக்கூரை தலையில் இடிக்கும். குனிந்து நுழைய ஒரு வாசல் உண்டு, சன்னல் கிடையாது. காற்று புகுந்தால் தீ அலையும், பாகு பதம் தப்பும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. காய்ந்த ஓலையும் மட்டையும் எரிகிற புகை வெளியே போக வழியில்லாமல் அம்மாவின் நெஞ்சுக்குள் போயிற்று. வாழ வந்த வருடத்திலிருந்து அவள் அந்த அடுப்பின் முன்னால்தான் இருந்தாள். கைக்குழந்தை இருந்தால் அதுவும் மடியில் கிடக்கும். நானும் அப்படிக் கிடந்தவள்தான்.

தம்பி பிறந்த வருடம் அவளுக்கு இருமல் பிடித்தது. பேச ஆரம்பித்தால் பாதியில் மூச்சு நின்றுவிடும். இழுக்கும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போலக் கேட்கும். அப்பாவின் அக்கா, புருஷன் செத்தபின் எங்களோடு இருந்த என் அத்தை, ஒருநாள் அம்மா துப்பியதைக் குச்சியால் கிளறிப் பார்த்தாள்.

"இது சயம்தான். பிள்ளைய அவகிட்ட குடுக்காதிய" என்றாள்.

பெரிய வைத்தியர் பரம்பரை! துப்பியதில் கரி இருந்தது, ரத்தம் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை போதும். சயக்காரி காய்ச்சிய கருப்பட்டி என்று சந்தையில் தெரிந்தால் ஒருவன் தொடமாட்டான். அன்றைக்கே பனைகள் நின்ற எங்கள் விளையின் கடைசியில், கொல்லாமரத்தடியில், நான்கு கம்பு நட்டு மேலே ஓலை போட்டு அம்மாவை அங்கே இருத்தினார்கள். சுவர் வைக்கக்கூட யாருக்கும் மனமில்லை. கஞ்சியைத் தூரத்தில் வைத்துவிட்டு வருவோம். தம்பிக்கு ஆட்டுப்பால் பழக்கினார்கள்.

நான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் நின்று காட்டுவேன். அவனைக் கண்டதும் அம்மாவின் நெஞ்சுச் சேலை நனைந்துவிடும். திரும்பி உட்கார்ந்து பாலை மண்ணில் பீச்சுவாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இஞ்ச வா மக்கா, அவனுக்க காலையாவது பாக்குதேன்" என்பாள். நான் ஓரடி வைத்தால் வீட்டு வாசலிலிருந்து அத்தை கத்துவாள்.

ஆனால் அந்தச் சுவரில்லாத கூரையின் கீழ் அம்மா தேறினாள். கடற்காற்று நாள் முழுக்க அடிக்கிற இடம் அது. இருமல் குறைந்தது. தானே கிணற்றில் நீர் இறைத்துக் குளித்தாள். இளைப்பில்லாமல் என்னை வேலிவரை வந்து திட்டினாள். எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வேறு யாருக்கும் கண்ணில் படவில்லை, ஏனென்றால் யாரும் பார்க்கப் போகவில்லை.

இதற்குள் விடிலியில் அத்தை படாதபாடு பட்டாள். அவள் காய்ச்சியது தேங்காய்ச் சிரட்டையில் உறையாமல் சளசளத்தது. வியாபாரிகள் முகம் சுளித்தார்கள். அதன்பிறகுதான் அப்பாவுக்கு அம்மாவை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தோன்றியது. சோற்றுப் பொதியைத் தூக்கிக்கொண்டு நானும் நடந்தேன்.

டாக்டர் நம் ஊர்க்காரர்தான். சளியை வாங்கிச் சோதித்தார். முதுகில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு மூன்று பேரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

"சயம் கிருமியால வாறது, இருமினா அடுத்த ஆளுக்கும் பரவும். இவங்களுக்கு அது இல்ல. வருசக்கணக்கா புகை குடிச்சு மூச்சுக்குழல் வீங்கிச் சுருங்கிப் போச்சு. கெட்டுப்போனது இனி சரியாகாது. ஆனா இனிமே கெடாம பாத்துக்கிடலாம். அடுப்புப் பக்கம் போகவே கூடாது. குழந்தையையும் புகையில போடாதீங்க. திரும்ப அங்க உக்காந்தா ஆள் பிழைக்காது."

அம்மா முதல் பாதியோடு அழ ஆரம்பித்துவிட்டாள். மீதியை நானும் அப்பாவும் கேட்டோம்.

வீட்டுக்கு வருமுன்பே அப்பா வழியெல்லாம் கூவிக்கொண்டு வந்தார். "சயம் இல்ல! டாக்டரே சொல்லிப்போட்டாரு!" அக்கம்பக்கத்தார் கூடினார்கள். அத்தை தம்பியைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் போட்டாள். அவன் ஆளைத் தெரியாமல் அலறினான். அம்மா அவன் உள்ளங்காலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ நாளைக்கு வெளுக்கும்போ விடிலிக்கு வந்திரு, எனக்கு நடு ஒடிஞ்சுபோச்சு" என்றாள் அத்தை.

"புகை ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரே! போனா செத்துப்போவான்னு சொன்னாரே!" என்று நான் கத்தினேன்.

என்னை அறைந்தது அப்பா இல்லை, அத்தையும் இல்லை. அம்மா.

"வாய மூடுட்டி" என்றாள். ஒரு கை தம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. "மறுபடியும் எனக்க பிள்ளைய பிரிச்சிருவாவ."

மறுநாள் அவள் விடிலிக்குப் போனாள். நான் பின்பக்கம் போய் மறைப்போலைகளைப் பிடுங்கி எறிந்தேன். சாயங்காலம் அப்பா புது ஓலை வைத்துக் கட்டினார், ஏன் பிடுங்கினாய் என்று என்னைக் கேட்காமலே. அவருக்கு டாக்டர் சொன்னது நன்றாகவே ஞாபகம் இருந்தது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்றுமுதல் அவரை நான் வெறுத்தேன். இன்றும் வெறுக்கிறேன்.

அடுத்த பனங்காலத்துக்குள் அம்மாவின் உதடு நாவற்பழம் தின்றது போல நீலமாயிற்று. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டும், அதனால் உட்கார்ந்தே உறங்கினாள். ஒரு விடியற்காலை அப்படி உட்கார்ந்தபடியே போய்விட்டாள்.

முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். அடக்க ஜெபம் சொல்ல உபதேசியார் வருவதற்காகக் காத்திருந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அப்பா, "சயம் இல்ல, பயப்படாம கிட்ட போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் கட்டிக்கொடுக்க ஒரு பெண் இருந்தாளே, நான். அம்மா செத்தது தெரியுமுன் இறக்கிய பதநீர் கலயங்களில் நிறைந்திருந்தது. வெயில் ஏறினால் புளித்துவிடும்.

அத்தை என் தோளைத் தொட்டாள். தம்பியை என் இடுப்பில் ஏற்றினாள்.

"நீ விடிலிக்குப் போ மக்கா," என்றாள், "தீ போடு. எடுக்கும்போ கூப்பிடுதேன்."