பத்தாவது படிவம்

புதன்கிழமை காலை என் மேசையில் பத்துப் படிவங்கள் இருந்தன. தரம் பத்துக்கு, சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற என் பாடத்தைத் தெரிவுசெய்த பிள்ளைகளுடையவை. பத்துக்கு ஒன்று குறைந்தாலும் வகுப்பு நடக்காது என்று அதிபர் சொல்லியிருந்தார். இரண்டு தரம் எண்ணி நாட்குறிப்பில் எழுதினேன்.

மூன்றாம் பாடவேளையில் ஒரு தாய் வந்தாள். இருபத்தொரு வருடங்களுக்கு முன் நான் படிப்பித்தவள். அவளுடைய நூறு மீற்றர் நேரம் இன்னும் என் பழைய குறிப்பேட்டில் இருக்கிறது. மகளின் படிவத்தை ஐ.சீ.ரீ. என்ற தகவல் தொழினுட்பத்துக்கு மாற்ற வேண்டும், அதற்கு என் கையொப்பம் தேவை என்றாள்.

போன மாதம் கல்வி வலயக் கருத்தரங்கில் கேட்டதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். உடலியக்கப் படிப்பு இனி மைதானத்தோடு நிற்காது, ஆஸ்பத்திரிக்கும் வயதானவர்களுக்கும் தேவைப்படும், பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பே இருக்கிறது. சொல்லி முடிக்கும்போது எனக்கே களைப்பாக இருந்தது. போன வருடம் என் பாடவேளைகளில் பாதி கணிதத்துக்குப் போயிற்று. மாரி முழுவதும் மைதானத்தில் தண்ணீர் நின்றதால் ஓடுபாதையைக் கரும்பலகையில்தான் கீறிக்கொண்டிருந்தோம்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பட்டம் முடித்த அவளுடைய மச்சான் சாய்ந்தமருதில் போன் கடையில் நிற்கிறாராம். விரலுக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிறார் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்களாம். பிறகு கேட்டாள்:

"டீச்சர், உங்கட மகள் எந்தப் பாடம் எடுத்தா?"

"ஐ.சீ.ரீ. நான்தான் எடுக்கச் சொன்னன்."

அன்று என் மகளின் படிவத்தை நிரப்பிய அதே பேனையால் இதிலும் கையொப்பமிட்டேன்.

எழுந்து போனவள் கதவடியில் நின்றாள். அவளுக்குச் சீனி வருத்தமாம், நீரிழிவு. கிளினிக்கில் நடக்கச் சொன்னதால் விடியச் சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரை றோட்டில் நடக்கிறாளாம். இப்போது குதிக்கால் நோகிறதாம்.

"எப்பிடி நடக்கிற எண்டு அங்க ஒருத்தரும் சொல்றாங்க இல்ல, டீச்சர்."

விறாந்தையில் அவளை நடக்கவிட்டுப் பார்த்தேன். தட்டையான றப்பர் செருப்பு. எட்டி எட்டி வைத்து, குதிக்காலை நிலத்தில் குத்தினாள். கால் எட்டைக் குறைத்துச் சின்ன அடியாக வைக்கச் சொன்னேன். சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்டும் விதத்தைச் செய்து காட்டினேன். வேறு செருப்பு வாங்கச் சொன்னேன். நாலு தரம் போய் வந்தாள். நாலாவது தரம் சரியாக இருந்தது. இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது.

அவள் பாடசாலைக் கேற்றைத் தாண்டும் வரை நடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மீதி ஒன்பது படிவங்களையும் எடுத்துக்கொண்டு அதிபரின் அறைக்குப் போனேன்.