ஜப்பான்காரர் தேயிலை ஆலையில் வேலை பார்த்த கதை

போன வாரம் காலையில் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. ஜப்பானின் பெரிய நடிகர் ஒருவர் தொண்ணூறு தாண்டிக் காலமாகிவிட்டாராம். நரைத்த புருவமும் வாயோரத்துப் பாதிச் சிரிப்புமாகப் படம் போட்டிருந்தார்கள். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஆரோ செத்தாப்பல நடந்துட்டே இருக்கறீங்க?"

"செத்துத்தான் போயிட்டாரு."

"ஆருங்க?"

"ஒரு ஜப்பான்காரர்."

மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளிடம் இதுவரை சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் தேடிப் பார்ப்பீர்கள், நான் சொன்ன பொய்யெல்லாம் வரிசையாக வெளியே வரும். அந்தப் பொய்யைத்தான் சொல்ல வந்தேன் என்றாலும், அதை நானே சொன்னதாக இருக்கட்டும்.

அப்போது பாலக்காட்டை ஒட்டிய கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். வேலை முடிந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுத்துப்போகும். அந்தக் கறுப்போடு இருந்தவனுக்கு நாலு பேர் மத்தியில் பெரிய மூளைக்காரன் என்ற பெயர் வேண்டியிருந்தது. பாலக்காட்டில் பிலிம் சொசைட்டி நடத்திய ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு ஒட்டிக்கொண்டேன், எல்லாருக்கும் அவர் மாஷ். தகரப் பெட்டியில் ரயிலேறி வரும் பிலிம் சுருள், புரொஜக்டர் பல்பில் தூசி பொரியும் நாற்றம், முன்னூறு நாற்காலிக்கு முப்பது பேர். அந்த நாற்றம் இப்போது எங்கேயும் வருவதில்லை. எப்போதாவது பழைய டார்ச்சைத் திறந்தால் லேசாக வரும்.

படங்களைத் தோட்டத் தொழிலாளர்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று மாஷுக்கு ஒரு வெறி பிடித்தது. மூணாறு தாண்டிச் சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளில் எல்லாரும் தமிழ்க்காரர்கள். "நீ தமிழனல்லே? படத்துக்கு முன்னாடி நீ பேசணும்" என்று என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார். அந்த நடிகரைப் பற்றி அவர் தயாரித்த சைக்ளோஸ்டைல் தாளை வழி முழுக்க மனப்பாடம் செய்தேன். மூன்று தலைமுறையாக மேடை நாடகக் குடும்பம். ஐந்து வயதில் மேடையேறியவர். பரிசுகள், விருதுகள்.

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் பூசை முடிந்த மத்தியானம். தொழிலாளர் கிளப்பில் இருட்டு வேண்டுமே என்று, எஸ்டேட்டில் கொடுக்கும் கம்பளிகளை வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து சன்னல்களில் தொங்கவிட்டார்கள். தேயிலைத் தூள், விறகுப் புகை, குழந்தை மூத்திரம் எல்லாம் கலந்த ஒரு வாடை. அன்றைக்கு அந்த வாடைக்கு முகம் சுளித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

படத்தில் அந்த நடிகர் மீனவர். முதல் அரைமணி நேரம் வலையைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பாரே தவிர வாய் திறக்கமாட்டார். "சண்டை எப்ப வரும்?" என்று ஒரு குரல். பெஞ்சுகள் நகர்ந்தன. பத்துப் பேர் எழுந்து தங்கள் கம்பளியைக் கழற்ற, திரையில் வெயில் விழுந்தது. மாஷ் என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பிடித்தேன். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோக, வாயில் வந்தது இதுதான்:

"போகாதீங்க! இந்த நடிகரும் உங்கள மாதிரித்தான். ஜப்பான்ல தேயிலை இருக்கு தெரியுங்களா? அங்க ஒரு தேயிலை ஆலைல முப்பத்தொரு வயசு வரைக்கும் வேலை பார்த்தவரு!"

கம்பளிகள் மறுபடி ஏறின. கடைசிவரை ஒருவரும் அசையவில்லை. மாஷுக்குப் பெருமை தாங்கவில்லை, எனக்கோ சொல்லவே வேண்டாம்.

படம் முடிந்ததும் ஒருவர் வந்து கையைப் பிடித்தார். ஜெபராஜ். எஸ்டேட் ஆலையில் கொழுந்தை வாட வைக்கும் மாடியில் வேலை. தவக்காலத்தில் ஏசுவின் பாடுகளைக் கோவிலில் நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகத்தில் வருடா வருடம் பிலாத்து வேடம் அவருக்குத்தான் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். "சாருக்குக் காட்டுப்பா" என்று தள்ளினார்கள். அங்கேயே, லுங்கியோடு, ஏசுவைச் சிலுவைக்கு அனுப்பிவிட்டுப் பிலாத்து கை கழுவும் கட்டத்தைச் செய்தார். செம்பும் இல்லை தண்ணீரும் இல்லை. விரல் விரலாக, நகத்துக்கு அடியில் எல்லாம், வெறுங்கையைக் கழுவினார். முடித்து உதறியபோது நான் சட்டையில் தெறித்துவிடும் என்று பின்னால் நகர்ந்தேன். இதுவரை எத்தனையோ நடிகர்களைப் பார்த்துவிட்டேன், என்னை நகர வைத்தவர் அவர் ஒருவர்தான்.

"அந்த ஜப்பான்காரரு வேலைய விட்டப்ப அவுகளுக்குக் குடும்பம் இருந்துச்சா சார்?" என்று கேட்டார்.

"இருந்துச்சு. ரெண்டு பிள்ளைங்க" என்றேன். பொய் ஒன்று சொல்லிவிட்டால் அடுத்தது தானாக வருகிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை என் உருக்காலை முகவரிக்கு ஜெபராஜின் கடிதம் வந்தது. 'சார், எனக்கும் முப்பத்தொண்ணு முடியுது. மெட்ராசுக்குப் போறதுன்னு முடிவு பண்ணி வேலைய எழுதிக் குடுத்துட்டேன். சனிக்கிழமை தொரை கையெழுத்துப் போட்டுருவாரு.' எனக்குச் சிரிப்பும் கர்வமும் வந்தது. கடிதத்தை மாஷிடம் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

"எடோ, எஸ்டேட்டில ஜோலி போயா வீடும் போகும். அறியில்லே நினக்கு?"

எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் வேலை போனால் வேலைதான் போகும், வீடு இருந்த இடத்தில் இருக்கும். அங்கே லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீட்டில் ஓர் அறை, வேலைப் பதிவில் இருக்கும் பெயரோடு ஒட்டியது. பெயரை அடித்தால் அறையைக் காலி செய்ய வேண்டும், மழையானாலும் சரி, பிள்ளைக்குப் பரீட்சையானாலும் சரி. அந்த வீட்டில் பெயர் இருந்தது ஜெபராஜுக்கு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லாமல் கிளம்பினேன். பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று பஸ் மாறி மாறி, காட்டுக்குள் ஒற்றை யானை ரோட்டில் நின்றதால் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. எல்லாரும் சாய்ந்து தூங்க, நான் மட்டும் எழுந்து எழுந்து பார்த்தேன். "இரிக்கெடோ" என்று கண்டக்டர் திட்டினார். மூணாறில் கடைசி ஜீப் போய்விட்டிருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் முதல் ஜீப்பைப் பிடித்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது டிரங்குப் பெட்டி வாசலில் இருந்தது. அவர் மனைவி ரோசம்மா அழுது முடித்த முகத்தோடு பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

நின்றபடியே சொன்னேன். தேயிலை ஆலை பொய், முப்பத்தொன்று பொய், பிள்ளைகள் பொய். அந்த ஜப்பான்காரர் நாடகக் குடும்பத்தில் பிறந்தவர், ஐந்து வயதிலிருந்தே நடிகர்.

ஜெபராஜ் கோபப்படுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப தேயிலைக் காட்டுலருந்து ஒருத்தரும் நடிக்கப் போகலியா சார்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க" என்றேன். எனக்கு என்ன தெரியும்? அந்த ஒரு வார்த்தையையாவது விழுங்கியிருக்கலாம்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, ராஜினாமாக் கடிதத்தைத் திரும்ப வாங்க ஆபீசுக்கு நடந்தார். ரோசம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நல்லாருப்பீக அண்ணே" என்றார். நான் கீழே இறங்கும்போது சாக்கிலிருந்து பாத்திரங்களை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த தவக்காலத்துக்கு அவர் பிலாத்து வேடம் கட்ட மறுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வேறு யாரோ கட்டினார்கள், பிறகு ஆட்கள் குறைந்து நாடகமே நின்றது. எங்கள் சொசைட்டியும் அதற்குள் மூடியாகிவிட்டது. மாஷ் இல்லை. இப்போது அந்த லயங்களில் பாதி பூட்டிக் கிடக்கிறது. மற்றதில் வடக்கேயிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். ஜெபராஜும் ஓய்வு பெற்றபோது அந்த அறையை விட்டுவிட்டுத்தான் போடிக்கு இறங்கினார். காப்பாற்றிக் கொடுத்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அறை அது.

செய்தி வந்த அன்றைக்கு மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அங்கே இங்கே கேட்டு எண் வாங்கிக் கூப்பிட்டேன். ரோசம்மாதான் எடுத்தார். நான் யார் என்று சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க வரலேன்னா நாங்க தெருவுல நின்னுருப்போம். மூத்தவ நர்சா இருக்கா. சின்னவன் கோயமுத்தூர்ல. உங்களுக்காகத் தெனமும் செபம் பண்ணுதேன்."

"ஜெபராஜ் எப்படி இருக்காருங்க?"

"நல்லா இருக்காக. சுகர் மட்டுந்தான்." ஏதோ மறந்ததைச் சொல்கிறவர் மாதிரிச் சொன்னார்: "டிவில படம் போட்டா மட்டும் எந்திரிச்சு வெளிய போயிருவாக. முடிஞ்சப்புறந்தான் உள்ள வருவாக. அது அப்பருந்தே அப்படித்தான். மத்தபடி ஒரு கொறையும் இல்ல அண்ணே. இருங்க, கூப்பிடுதேன், வாசல்லதான் நிக்காக."

வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஜப்பான்காரர் இறந்ததை நான் சொல்லவில்லை.