லேசரிடம் சொன்ன பொய்

போன வெள்ளிக்கிழமை கண்டியில் ஒரு கண் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். பரிசோதனை எனக்கல்ல, மகள் ஷெரினுக்கு. பயம் மட்டும் எனக்கு.

ஷெரின் எல்கடுவ தேயிலைத் தோட்டப் பாடசாலையில் டீச்சர். மாத்தளையிலிருந்து ஸ்கூட்டியில் போகிறாள். மேலே ஏற ஏறப் பனியில் மூக்குக்கண்ணாடி மங்கிவிடுமாம். ஒரு கையால் அதைத் துடைத்துக்கொண்டே வளைவில் திருப்புகிறாள் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரியவந்தது. தினமும் லென்ஸ் போட்டால் கண் உறுத்துகிறது. அதனால் லேசர் செய்து கண்ணாடியையே தூக்கிப் போடப் போகிறாளாம்.

லேசர் பற்றி எனக்கு என்ன தெரியும்? கேள்வி கேட்கத் தெரியும்.

"டாக்டர், லேசர் அடிக்கிற நேரம் புள்ள கண்ணை அசைச்சிட்டா?"

"மெஷின் கண்ணோடயே நகரும். ரொம்ப அசைஞ்சா தானா நின்னுரும்."

"கரண்ட் போனா?"

"பேட்டரி இருக்குங்க ஐயா."

"மெஷினே தப்புப் பண்ணினா?"

அவர் சிரித்தார். "நாங்க குடுக்குற அளவை அது அப்படியே செய்யும்." இது ஆறுதலா, எச்சரிக்கையா... எனக்கு விளங்கவில்லை.

பிறகு சாதாரணமாகக் கேட்டார். "கடைசியா லென்ஸ் போட்டது எப்போ?"

ஷெரின் வாய் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். "ரெண்டு கிழமை ஆச்சுங்க டாக்டர்."

ஆகவில்லை. நாலே நாள்! இரண்டு கிழமைக்கு, அதாவது பதினாலு நாளைக்கு, லென்ஸ் போடக் கூடாது என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். அவளும் கழற்றித்தான் வைத்திருந்தாள். இடையில் திங்கட்கிழமை என் அக்கா மகளுக்கு மாதா கோயிலில் கல்யாணம், ஷெரின் மணப்பெண்ணின் தோழி. "கண்ணாடியோட பூச்செண்டு பிடிச்சு நின்னா போட்டோவுல நல்லாவா இருக்கும்? ஒரு நாள்தானே மகள், போட்டுக்க" என்றது யார்? நான்தான். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவளுக்கு மறுபடி லீவு கிடைக்காது என்று நினைத்தேன்.

ஷெரின் என்னைப் பார்த்தாள்.

கண்ணை அளந்தார்கள். திரையில் நிறம் நிறமாக ஒரு படம். டாக்டர் முகத்தைச் சுளித்தார். மறுபடி அளக்கச் சொன்னார்.

"ரெண்டு அளவும் ஒத்துப்போகலையே... லென்ஸ் போட்ட கண் மாதிரி இருக்கு."

"திங்கக்கெழம போட்டேன் டாக்டர்" என்றாள் ஷெரின். என் பெயரை இழுக்கவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பினார். "லென்ஸ் கருவிழியோட வடிவத்தையே கொஞ்சம் மாத்திரும். அந்த அளவைக் குடுத்தா, மெஷின் மயிரிழை பிசகாம தப்பாச் செதுக்கும். செதுக்குனதைத் திரும்ப ஒட்ட முடியாதுங்க ஐயா."

ஒரு கல்யாணப் போட்டோவுக்காக மகளின் கண்ணையே...

வீடு திரும்பும் பஸ் அக்குறணை தாண்டும் வரை குழம்பிக்கொண்டிருந்தேன். துல்லியமாக ஒரு தப்பு — அது எப்படி? சரியாகச் செய்வதும் தப்பாகச் செய்வதும் ஒரே மெஷின்தான் என்றால், நான் அங்கே யாரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்?

"பயமா இருந்தா விட்ருவோம் மகள்" என்றேன்.

"மெஷினை நினைச்சு எனக்குப் பயமில்லப்பா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த பரிசோதனை இரண்டு கிழமை கழித்து. லென்ஸ் டப்பாவை அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை ஒளித்துவிட்டாள் — என்னிடமிருந்து.