டோல்கேட் தாண்டினா வெல கம்மி

அதத்தான் மே நானும் சொல்றேன், உங்க வூட்டுக்காரு ஸ்கூட்டர தள்ளிக்கினு வந்தத நான் பாத்தேன். மாத்தூராண்ட பெட்ரோலு பத்து பைசா கம்மின்னு அங்க போறாராமே? போற வழியிலியே நின்னு பூட்ச்சாம். நீ ஏன் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற, சிரி. இந்தப் புத்தி ஆம்பளைங்களுக்கு இன்னிக்கு நேத்தா வந்துது? எங்க வூட்டு ஆளு உசுரோட இருந்தா, உங்க வூட்டுக்காரு தோள்ல கையப் போட்டு டீக்கடைக்கு இட்டுக்கினு போயிருக்கும். ரெண்டும் குந்தி பெட்ரோலு வெல பேசினு கெடக்கும்.

குந்து, சொல்றேன். இந்தப் பெட்ரோலு வெலையால நான் செத்தே பூடப் பாத்தேன். மெய்யாலுமே.

அப்ப நாங்க எண்ணூர்ல கீறோம். சண்டையெல்லாம் முடிஞ்சி, வெள்ளக்காரனும் கப்பலேறி, கொஞ்ச வருசம். எங்க வூட்டு ஆளு ஒரு தெக்கத்தி மொதலாளி கிட்ட லாரி ஓட்டிச்சி. மளிக, வெறகு, உப்புன்னு வியாபாரம் பண்ணவரு அவரு. தங்கமான மனுசன், ஆனா அவரு பேசறது எனக்குப் பாதி புரியாது. "ஏளா"ம்பாரு, "அங்கன"ம்பாரு. நான் பேசறது அவருக்கு முக்காவாசி புரியாது. ரெண்டு பேரும் சிரிச்சே சமாளிச்சிக்குவோம். அந்த லாரி மில்ட்ரிக்காரன் ஏலத்துல வுட்டது. பச்சப் பெயிண்டு, அதுல பாதி உரிஞ்சி துரு. முன்னால ஹேண்டில் போட்டு சுத்தினா தான் கெளம்பும். சுத்தறப்போ சரியா புடிக்கலன்னா கைய ஒடச்சிடும். பக்கத்து வூட்டு டிரைவருக்கு ஒரு தபா அப்டி ஆயி, அவன் பொண்டாட்டி தான் அவனுக்கு சோறு ஊட்டினா. சரி, அது வேற கத.

பெட்ரோலு இன்னா சமாச்சாரம்னா, அது கப்பல்ல வந்து நம்ம ஆர்பர்ல எறங்கும். தண்டார்பேட்டையாண்ட பெரிய பெரிய டாங்கியில ரொப்பி வெப்பான். அதனால டோல்கேட்டுக்கு அந்தாண்ட, பட்டணத்துப் பக்கம், வெல கம்மி. டோல்கேட்டுக்கு இந்தாண்ட, எங்க எண்ணூர் பக்கமா, திருவொத்தியூருக்குள்ள வந்துட்டா, வண்டிக்கூலி, அந்த வரி, இந்த வரின்னு கேலனுக்கு ஓரணா ஏத்திடுவான். அதே எண்ண, அதே நாத்தம். நடந்து போற தூரம் தான் ரெண்டுக்கும் நடுவுல.

மொதலாளி எண்ணூர்ல குந்திக்கினு கீறவரு, அவரு திருவொத்தியூர் தேரடி பங்க் வெலைக்குத் தான் துட்டு குடுப்பாரு. டிரைவருங்க தண்டார்பேட்டையில போயி ரொப்புவாங்க. நடுவுல நிக்கற அணா டிரைவருக்கு. திருட்டு இல்ல மே, அது ஒரு வழக்கம். மொதலாளிக்கும் தெரியும், கண்டுக்க மாட்டாரு. அந்த அணாவுல தான் எனக்கு பூவு, மாமியாருக்கு பொகயில, எங்க வூட்டு ஆளுக்கு பீடி.

இதுல இன்னா ஆச்சின்னா, தேரடி பங்க்ல பெட்ரோலு போடறது டிரைவருங்களுக்கு மானக்கேடு. எவனாவது அங்க நின்னு போட்டான்னு தெரிஞ்சா மத்தவன் வுட மாட்டான். "இன்னா மச்சான், ரேஸு கீஸுல அடிச்சிதா"ன்னு ஒரு வாரம் ஓட்டுவானுங்க. அதனால எந்த வண்டியா இருந்தாலும் எண்ணூர்ல நிக்கும்போது டாங்கி காஞ்சி தான் கெடக்கும். தண்டார்பேட்ட போயி சேர்ற அளவுக்கு இருந்தா போதும்.

அந்த அளவு எப்டி தெரியும்னு கேளு. எங்க வூட்டு ஆளு மூங்கில சீவி ஒரு குச்சி வெச்சிருந்துது. சீட்டுக்கு அடியில டாங்கி, மூடியத் தொறந்து குச்சிய வுட்டு எடுக்கும். அதுல கத்தியால வெட்டி வெட்டி வெச்சிருக்கும். எனக்கும் படிப்பு இல்ல, அதுக்கும் இல்ல. கேலனும் கெடையாது ஒண்ணும் கெடையாது, எல்லாம் ஊரு கணக்கு தான். அடியில இருக்கற வெட்டு தேரடி. அதுக்கு மேல காலடிப்பேட்ட. அப்பால டோல்கேட். அதுக்கும் மேல தண்டார்பேட்ட. ஈரம் எந்த வெட்டு வரிக்கும் ஏறுதோ அந்த ஊரு வரிக்கும் வண்டி போவும். அந்தக் குச்சி பொய் சொன்னதே இல்லன்னு ஊரெல்லாம் பெரும அடிச்சிக்கும். பொண்டாட்டிய அப்டி பெருமையா பேசி நான் கேட்டதில்ல.

எனக்கு மொத புள்ள வூட்லியே பொறந்து வூட்லியே பூட்ச்சி. காலு மொதல்ல வந்துது. மருத்துவச்சி இழுத்தா, தல மாட்டிக்கிச்சி. ஆம்பளப் புள்ள. அதுக்கு மேல அதப் பத்தி கேக்காத.

ரெண்டாவது முழுவாம இருக்கறப்போ அதே மருத்துவச்சி வந்து வயித்தத் தடவிப் பாத்தா. கைய எடுத்துட்டா. "இதுவும் அதே மாதிரி குந்திக்கினு கீது. நான் தொட மாட்டேன். வலி கண்டவுடனே ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு பூடுங்க, இங்க வெச்சிக்கினு இருந்தீங்கன்னா ரெண்டு உசுரும் கெடைக்காது"ன்னா. அன்னில இருந்து எனக்கு சோறு எறங்கல. வயித்துல கைய வெச்சி, திரும்பு கண்ணு, தலைய கீழ போடு கண்ணுன்னு பேசிக்கினே இருப்பேன். மாமியாரு பைத்தியம் புட்ச்சிருக்குன்னு வேப்பல அடிச்சிது.

சொன்ன நாளுக்கு முன்னியே வலி வந்துட்ச்சி. நல்ல உச்சி வெயிலு. ரயிலு அப்ப தான் போயிருக்கு, அடுத்தது சாயங்காலம். ஜட்கா வண்டிக்காரன், "பாதி வழியில புள்ள பொறந்தா என் குதுர மெரளும்"ன்னு கைய விரிச்சிட்டான். மொதலாளி ஓடியாந்து, "லாரிய எடுத்துட்டுப் போவே, சரக்கு கெடக்கட்டும்"ன்னாரு. லாரி பின்னால கோணிய போட்டு, மேல பாய போட்டு, என்ன ஏத்துனாங்க. பக்கத்துல மாமியாரு.

எங்க வூட்டு ஆளு இன்னா பண்ணுது? குச்சிய வுட்டு எடுத்து வெயில்ல காட்டிப் பாக்குது. "தண்டார்பேட்ட காட்டுது. அங்க ரொப்பிக்கினு ராயபுரம் பூடலாம், பயப்படாத"ன்னுது. அதுக்கப்பால தான் ஹேண்டில் போட்டுது.

ரோடு அப்ப ரோடாவா இருந்துது? பள்ளத்துல சக்கரம் எறங்கினா என் உசுரு தொண்டைக்கு வந்துட்டுப் போவும். மாமியாரு டிரைவர் சீட்டுக்குப் பின்னால பலகையில இருந்த சந்துல வாய வெச்சி, "டேய், குலுக்காதடா, புள்ள இங்கியே வந்துடும்"ன்னு கத்துது. எங்க வூட்டு ஆளு பாவம், வண்டிய கீழ் கியர்ல போட்டு, மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்துக்கினு போச்சி. கீழ் கியர்ல போனா வண்டி ரெண்டு மடங்கு பெட்ரோலு குடிக்கும். இது எனக்குத் தெரியாது, மாமியாருக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும். ஆனா குச்சியில வெட்டு வெச்சது சாதாரணமா ஓட்டற ஓட்டத்துக்குன்னு அந்த நேரத்துல அதுக்குத் தோணல பாரு.

தேரடி வந்துது. பங்க்காரன் ஈ ஓட்டிக்கினு ஸ்டூல்ல குந்தினு கீறான், கண்ணாடிக் கொடுவ வெச்ச பம்பு வெயில்ல மின்னுது. எனக்கு இன்னா தோணிச்சோ, "யோவ், இங்கியே கொஞ்சம் போட்டுக்கய்யா"ன்னேன்.

"குச்சி தண்டார்பேட்ட காட்டுது. சொம்மா படு."

"தெனம் போற வண்டி, அவனுக்குத் தெரியாதா"ன்னு மாமியாரு சேந்துக்கிச்சி. இது தான் அந்தக் குடும்பம்.

காலடிப்பேட்ட தாண்டினோம். வண்டி ரெண்டு தபா இருமிச்சி. அப்பால ஒரு சத்தமும் இல்ல. காக்கா கத்தறது கேக்குது. எனக்கு வலி வுட்டு வுட்டு வந்தது போயி வுடாமலே வருது. சந்து வழியா பாக்கறேன், எங்க வூட்டு ஆளு பெட்ரோலு டின்ன கையில எடுத்துக்கினு நடு ரோட்ல நிக்குது. பின்னால தேரடி பங்க் கிட்டக்க கீது. முன்னால தண்டார்பேட்ட பங்க் தூரக்க கீது. ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாக்குது. மே, அப்பவும் யோசிக்கிது. தண்டார்பேட்டப் பக்கமா ரெண்டு எட்டு வெச்சிட்ச்சி கூட. எனக்குக் கோவம் வரல தெரியுமா. அவ்ளோ தான், முடிஞ்சி பூட்ச்சின்னு தோணிச்சி. மொத புள்ள மூஞ்சி கண்ணு முன்னால வருது. கத்தக் கூட தெம்பில்ல.

அப்ப காசிமேட்டுல மீனு எடுத்துக்கினு திருவொத்தியூர் பக்கம் விக்கப் போற பொம்பளைங்க ஒரு கும்பலா வந்தாங்க. முன்னால வந்தவ நல்லா ஆளு ஒசரம், வாயி நெறய வெத்தல. எட்டிப் பாத்தா. மாமியாரு அழுதுக்கினே காலு, ஆஸ்பத்திரி, பெட்ரோலுன்னு சொல்லிச்சி.

"தேரடியில பங்க் கீதே, வண்டிய அங்க தள்ளிடலாம்"ன்னா அவ.

"தண்டார்பேட்டையில வெல கம்மி"ன்னுது எங்க வூட்டு ஆளு.

அவ வெத்தலைய துப்பினா. "நைனா, உள்ள கீறது உம் பொண்டாட்டியா, உப்பு மூட்டையா? ஏறி சக்கரத்தப் புடி. நாங்க தள்றோம். எங்களுக்கும் அந்தப் பக்கம் தான் போவணும்."

கூடையெல்லாம் தூக்கி வண்டியில எம் பக்கத்துல வெச்சாளுங்க. தலமாட்டுல நெத்திலி, காலாண்ட கவல மீனு. லாரிய திருப்ப எடம் இல்ல, அப்டியே பின்னாலியே தள்ளினாளுங்க. இது ஸ்டேரிங்க புட்ச்சிக்கினு கழுத்த முறுக்கி பின்னால பாக்குது. நான் படுத்துக்கினு பாக்கறேன், தாண்டி வந்த மரம் திரும்பி வருது, தாண்டி வந்த கட திரும்பி வருது. ஆஸ்பத்திரி தூரமா பூட்டே கீது. இவங்க என்ன வூட்டுக்கே இட்டுக்கினு போறாங்க, அந்த மருத்துவச்சி கையிலியே மறுபடியும் குடுக்கப் போறாங்கன்னு நெனச்சிக்கினேன். "வேணாம், வேணாம்"னு மாமியாரு கையக் கடிச்சி வெச்சிட்டேன். பல்லு தடம் ரொம்ப நாளு இருந்துது. ஊருக்கெல்லாம் காட்டிக்கினு திரிஞ்சிது.

பங்க்காரன் எழுந்து நின்னுட்டான். "இன்னாபா, நீயெல்லாம் நம்ம கடைக்கு"ன்னு ஆரம்பிச்சவன் என்னப் பாத்துட்டு வாய மூடிக்கினான். கையால பம்ப அடிக்கறான், கொடுவையில பெட்ரோலு ஏறுது. பாதி ஏறினவுடனே எங்க வூட்டு ஆளு, "போதும்பா, மிச்சத்த தண்டார்பேட்டையில"ன்னுது.

அந்த மீனுக்காரி திரும்பாமலே சொன்னா: "நீ அடி நைனா. இவன் இன்னொரு தபா வாயத் தொறந்தா அந்தக் கொயாய இவன் வாயில சொருவு."

கூடைய எறக்கிக்கினாளுங்க. ஒருத்தி என் நெத்தியில கைய வெச்சிட்டுப் போனா. கையெல்லாம் செதிலு. பேரு கூட கேக்கல.

அப்பால ஓட்டிச்சி பாரு ஒரு ஓட்டு. பள்ளமாவது மேடாவது. தண்டார்பேட்ட பங்க்க தாண்டறப்போ ஒரு காலு வெளிய வந்துட்ச்சி. மாமியாரு பாத்துட்டு வாயப் பொத்திக்கிச்சி. அது சொல்லல, எனக்கே தெரிஞ்சிட்ச்சி. குட்டிக் காலு, ஜில்லுனு. ராயபுரம் வர வரிக்கும் அந்தக் காலு ஆடுதான்னு பாத்துக்கினே வந்தேன். ஆடல.

ஆஸ்பத்திரியில இருந்த டாக்டரம்மா குள்ளமா, கண்ணாடி போட்டுக்கினு, பாத்தா பள்ளிக்கூடத்துப் பொண்ணு மாதிரி. உள்ள கைய வுட்டு இன்னா பண்ணிச்சோ, இழுக்கல, திருப்பிச்சி. தல வந்துட்ச்சி. ஆனா சத்தம் இல்ல. நீலமா கெடந்துது. ரெண்டு காலையும் புட்ச்சித் தலகீழா தொங்க வுட்டு முதுகுல தட்டிச்சி. தட்டிக்கினே இருந்துது. நர்சம்மா என் மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பினாங்க. நான் திரும்பல. அப்பால பூனக்குட்டி மாதிரி ஒரு சத்தம்.

அவ தான் என் பெரிய பொண்ணு. அந்தக் காலு கொஞ்சம் வளைஞ்சி தான் கீது. ஓடறதுல ஒண்ணும் கொறவில்ல, போன மாசம் கூட பஸ்ஸு பின்னால ஓடி ஏறினா.

எங்க வூட்டு ஆளு வந்து எட்டிப் பாத்துது. புள்ளயப் பாத்து அழுவுது, மூக்க சிந்துது, எல்லாம் ஆச்சி. அப்பால மெதுவா சொல்லுது, "நீங்க மெதுவா ஓட்டச் சொல்லாம இருந்தா தண்டார்பேட்ட வரிக்கும் வந்திருக்கும். குச்சி மேல தப்பில்ல"ன்னு. எனக்கு தையல் போட்டு வெச்சிருக்கு, சிரிக்கவும் முடியல. நர்சம்மா தான் வெளிய தொரத்துனாங்க.

அதுக்கப்பால திருந்திட்ச்சின்னு நெனைக்கிறியா? நான் வண்டியில ஏறினா மட்டும் தேரடியில நிறுத்தி, வாயத் தொறக்காம ரொப்பும். நான் எறங்கிட்டா பழையபடி காஞ்ச டாங்கி தான். அதனாலியே ஒரு தபா என்ன இட்டுக்கினு போவ மாட்டேன்னு ஒரே அடம், எதுக்குன்னா அன்னிக்கு அந்த மத்த டிரைவருங்க எல்லாம் தேரடியில டீ குடிச்சிக்கினு... இரு, தூறுதா இன்னா? ஐயோ, மாடியில மொளகா காயுது. ஏந்திரு மே, அந்தக் கோணிய ஒரு பக்கம் புடி, நீ முன்னால ஏறு, எனக்கு முட்டி வராது.