ஞானத்தாய்

பேத்தி மரவள்ளிக்கிழங்கு அவிக்கிறாள். அந்த வாசனைக்கு இன்றும் எனக்குத் தலை குனிகிறது.

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்பாதான் கங்காணி. போனவர்கள் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் கேட்டார்கள். சொந்தத் தம்பியை ஒளித்துவைத்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சூசையைப் பிடித்துக்கொடுத்தார். பிறகு சூசை இறந்த செய்திதான் வந்தது.

அப்பா காய்ச்சலில் கிடந்தபோது, சூசையின் மனைவி ரோசம்மா அவித்த மரவள்ளியோடு வந்தார்.

"ஒன் புருசன அனுப்புனது நான்தான் தங்கச்சி," என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடி.

"தெரியும்ண்ணே. என்னையும் சேசுசாமி மன்னிச்சுதான் வச்சிருக்காரு. சாப்பிடுங்க."

எனக்கும் பசி. ரோசம்மாவின் முகத்தைப் பார்க்காமலே தின்றேன்.

பிழைத்தெழுந்த அப்பா ஞானஸ்நானம் கேட்டார். டவுன் மாதா கோயிலிலிருந்து சாமியார் வந்தார். அப்பாவுக்கு ஞானப்பெற்றோராக நிற்க ஒருவரும் முன்வரவில்லை. ரோசம்மா எழுந்தார்.

"புதுசா பொறக்குறவருக்கு ஒரு தாய் வேணும்லா, சாமி."

தண்ணீருக்குக் குனிந்த அப்பா, சடங்கு முடிந்தும் நிமிரவில்லை.

அவரைக் கடவுள் மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன். ஆனால் ரோசம்மாவின் பேரப்பிள்ளைகள் அந்த ஞானத்தாய் உறவைக் கொண்டாடி என்னை "அக்கா" என்று கூப்பிடும்போது, அவர்கள் முகத்தையும் பார்க்காமலே தலையாட்டுகிறேன்.