ஒரு முகவரிக்கு ஒரே மெயில்

மில்கோவைப் பெரிய ஆள் என்று யாரும் சொன்னதில்லை. டான்யூப் கரையிலிருக்கும் அந்தச் சின்ன ஊரின் ஆஸ்பத்திரிக்கு இணையதளம் எழுதிக் கொடுத்து, அதையே வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டு அழுகிறவன். தளத்தில் யாராவது பேர் பதிந்தால் சர்வர் தானாக மெயில் அனுப்பும். மெயில் ஒழுங்காகப் போனால் மில்கோவை ஒருத்தருக்கும் ஞாபகம் வராது. போகாவிட்டால் ஊரே அவன் பேரைச் சொல்லும்.

போன குளிர்காலத்தில் சர்வர் பாதியில் நின்று, திரும்ப எழுந்து, அனுப்பிய மெயிலையே மறுபடி மறுபடி அனுப்பித் தொலைத்தது. ஒரே ஆளுக்கு ஏழெட்டுத் தடவை. ஆஸ்பத்திரித் தலைவி டாக்டர் ஸ்லாதேவா அவனைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டாள்.

"ஜனங்க போன் பண்ணி என் உயிரை வாங்குறாங்க மில்கோ! ஒரே விஷயத்தை எத்தனை தடவைப்பா சொல்லுவே?"

அன்றைக்கே மில்கோ சர்வருக்கு ஒரு கட்டளை எழுதினான். ஒரே முகவரிக்கு, ஒரே தலைப்பில், ஒரு நாளில் ஒரு மெயில்தான். இரண்டாவது வந்தால் தள்ளிவிடு. யார் பார்த்தாலும் சரியென்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பெலா ரேகா கிராமத்தை மட்டும் அவன் நினைக்கவில்லை. மாமனார் ஊரையே மறந்த மாப்பிள்ளை! அங்கே மிச்சமிருப்பதெல்லாம் வயதானவர்கள். பிள்ளைகள் ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும். மெயில் முகவரி கேட்டால் மொத்தக் கிராமமும் நூலகத்து ருஜாவின் முகவரியைத்தான் கொடுக்கும். ருஜா படித்துப் பார்த்து வீடு தேடிப் போய்ச் சொல்லுவாள். போன இடத்தில் காபியும், சீஸ் வைத்துச் சுட்ட பானித்ஸா ஒரு துண்டும் கிடைக்கும். மில்கோவின் மாமனார் ஸ்தாமெனும் அதைத்தான் கொடுத்திருந்தார்.

மில்கோவின் முகவரியைக் கொடுத்தால் என்ன என்று மகள் நெவெனா கேட்டாள். "உன் புருஷன் முகவரியைக் குடுத்தா, மாப்பிள்ளை தயவுலே இடம் பிடிச்சான்னு ஊரு பேசும். எனக்குத் தேவையா அது?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

அவருக்கு இருந்தது ஒரே கண். மற்றது லேத் பட்டறையில் இரும்புச் சில் தெறித்து எப்போதோ போய்விட்டது. இருந்த கண்ணிலும் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வந்தது. தலைநகர் சோபியாவிலிருந்து கண் அறுவை நிபுணர் வசந்தத்தில் ஒரு தடவையும் இலையுதிர்காலத்தில் ஒரு தடவையும் வருவார். இடம் ஒதுக்கினால் மெயில் வரும். இரண்டு நாளுக்குள் அதிலுள்ள பொத்தானை அமுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

வசந்தத்தில் நிபுணர் வருவதற்கு முதல்நாள் ஸ்தாமென் போன் செய்தார்.

"என்ன மாப்பிள்ளே, பக்கத்து வீட்டுத் தோத்காவுக்கு மெயில் வந்திடுச்சாம். ஆஸ்பத்திரிக்குப் போகப் புதுச் செருப்பே வாங்கிட்டா கிழவி! எனக்கு ஒண்ணையும் காணோம். உங்க மிஷினுக்குப் பொம்பளைங்கதான் கண்ணுக்குத் தெரியுமோ?"

மில்கோ சிரித்துக்கொண்டேதான் சர்வரின் பதிவுகளைத் திறந்தான். ஸ்தாமெனுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. பக்கத்தில், 'அனுப்பவில்லை, முன்பே அனுப்பிய முகவரி.' தோத்காவைத் தவிர பெலா ரேகா ஆட்கள் எல்லோருக்கும் அதே வரி. ருஜாவின் முகவரிக்கு முதலில் போனது தோத்காவின் மெயில். மற்றதையெல்லாம் அவன் எழுதிய கட்டளை தின்றுவிட்டது. கெடு முடிந்து, இடங்கள் வேறு ஆட்களுக்குப் போய், அவர்கள் பொத்தானை அமுக்கியும் ஆகிவிட்டது.

தலைவியிடம் ஓடினான்.

"என் தப்புதான் டாக்டர். மாமாவுக்கு இருக்கிறதே ஒரு கண்ணு. எப்படியாவது..."

ஸ்லாதேவா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். இடம் கிடைத்தவர்கள் பட்டியல் இருந்த திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"இவரு பஸ் ஓட்டுறவரு. இந்தப் பொண்ணுக்கு ரெண்டு கண்ணும் போயிட்டிருக்கு. யாரைத் தூக்கலாம்? நீயே சொல்லு."

கடவுச்சொல் அவனிடம்தான் இருந்தது. ஒரு பேரை அழித்து இன்னொரு பேரை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குக் கை வரவில்லை. சோபியா, ப்ளோவ்திவ் ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டுக் கெஞ்சினான். இலையுதிர்காலம் வரைக்கும் எங்கேயும் இடமில்லை. கட்டளையை அழித்தான். இனி அழித்து என்ன பிரயோஜனம்?

கிராமம் ருஜாவைப் பிடித்துக்கொண்டது. மெயிலைப் பார்க்காமல் ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தாள் என்றார்கள். பாவம், அவள் அழுது ஓய்ந்தாள். மில்கோ வீடு வீடாக ஏறி, தவறு தன்னுடையது என்று சொன்னான். ஒருத்தரும் நம்பவில்லை. "தங்கமான பையன். அவளுக்காகப் பழியைத் தூக்கித் தலையிலே போட்டுக்கிறே," என்று தோத்கா அவன் கையில் மிளகாய் ஊறுகாய் ஜாடியைத் திணித்தாள். மாமனார் வீட்டுக்கு மட்டும் அவனுக்குக் கால் நகரவில்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே கோடை ஓடிவிட்டது.

இலையுதிர்காலத்தில் எல்லோருக்கும் மெயில் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தது. மில்கோவே மாமனாரைக் காரில் கூட்டிப் போனான். நிபுணர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இனி செய்ய ஒன்றுமில்லை என்றார்.

திரும்பும் வழியில் மில்கோ வண்டியை ஓரம் கட்டினான்.

"மாமா, ருஜா மேலே தப்பில்லே. நான் எழுதினதுதான்..."

"தெரியும்," என்றார் ஸ்தாமென். "ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தியே. நான் நம்பினேன். நம்ம வீட்டுக்கும் வருவேன்னு கோடை முழுக்க வாசலைப் பாத்துக்கிட்டிருந்தேன். அப்ப வந்திருந்தா உன் மூஞ்சியாவது தெரிஞ்சிருக்கும், மாப்பிள்ளே."